பையன்கள் படிப்பும் நம் கடைத்தெருவும்



ஆண்டுதோறும் மே மாதம் 5-ஆம் நாளை வணிகர் தினமாகக் கொண்டாடி வருகிறோம். அன்று கடையை அடைத்துவிட்டு, கொடியேற்றி, மாநாட்டுக்கு வண்டி ஏறுகிறோம். அதே வாரத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு பெரிய நாள் வந்துவிடுகிறது. 2024-ல் வணிகர் தினத்துக்கு மறுநாள், மே 6 அன்று, பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியானது. 2025-ல் மே 8 அன்று வெளியானது. பத்தாம் வகுப்பு முடிவும் அந்த மாதத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. நம்முடைய நாளையும் பிள்ளைகளுடைய நாளையும் காலண்டரே பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது. ஆனால் இரண்டையும் சேர்த்து நாம் எண்ணிப் பார்த்தோமா என்றால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

முன்பெல்லாம் தேர்வு முடிவு என்றால் அது கடைத்தெருவுக்கே உரிய சமாசாரம். மாலைப் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கியதும் டீக்கடை வாசலில் கூட்டம் நிற்கும். பத்திரிகையில் பெயர் இருக்காது. வெறும் எண்கள்தான் வரிசையாக இருக்கும். தன் எண்ணைத் தேடும் பையனின் விரல் நடுங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். எண் இருந்தால் நேரே மளிகைக் கடைக்கு வந்து ஒரு பாக்கெட் மிட்டாய் வாங்குவான். எண் இல்லாதவன் எந்தச் சந்து வழியாகப் போனான் என்பதே தெரியாது. இப்போது முடிவு செல்பேசிக்கு வந்துவிடுகிறது. மிட்டாய் வாங்க வருகிற பையன் இன்றும் வருகிறான். சந்து வழியாகப் போகிறவனும் இன்றும் போகிறான். அவன் கொஞ்ச நாள் கழித்து எங்கே வந்து நிற்கிறான்? பெரும்பாலும் நம் கடை வாசலில்தான், வேலை கேட்டு.

நம் ஊருக்கு ஒரு பழைய பெருமை

பெண்ணாடம் என்று இன்று சொல்கிறோம். பெண்ணாகடம் என்பது பழைய பெயர். விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் நடுவே ரயில் பாதையில், வெள்ளாற்றுப் பக்கம், கடலூர் மாவட்டம் திட்டக்குடி வட்டத்தில் இருக்கும் ஊர். யானை படுத்திருப்பது போன்ற விமானம் உடைய திருத்தூங்கானைமாடம் கோயிலால் சைவ உலகம் முழுவதும் அறிந்த ஊர். வணிகர்களாகிய நமக்கு இந்த ஊரின் மேல் தனி உரிமையும் உண்டு. அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவரான கலிக்கம்ப நாயனார் இந்த ஊர்க்காரர், வணிகர் குலத்தவர்.

அவர் வரலாறு பலரும் அறிந்ததே. தம் வீட்டில் முன்பு வேலை பார்த்து விலகிப்போன ஒருவர், பின்னாளில் அடியாராக வாசலில் வந்து நின்றார். பழைய வேலையாளாயிற்றே என்று மனைவி தயங்கினார். நாயனாரோ கொஞ்சமும் தயங்காமல் அவர் காலைக் கழுவி வரவேற்றார். மனைவியின் தயக்கத்துக்கு நாயனார் செய்த தண்டனை கடுமையானது. இன்றைய மனம் அதை ஏற்காது. ஆனால் ஒன்றை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். நேற்று நம்மிடம் கூலிக்கு நின்றவன் இன்று உயர்ந்து வந்தால், அவனை எழுந்து நின்று வரவேற்க ஒரு வியாபாரிக்கு மனம் வேண்டும். பெண்ணாகடத்து வியாபாரிக்கு அந்த மனம் இருந்திருக்கிறது.

இன்னொரு பெருமையும் உண்டு. சிவஞானபோதம் தந்த மெய்கண்டார், பெண்ணாகடத்து அச்சுத களப்பாளரின் மகன். குழந்தைப் பருவத்திலேயே திருவெண்ணெய்நல்லூரில் இருந்து பாடம் சொன்னார் என்பது வரலாறு. குடும்பத்தின் குலகுருவான சகலாகம பண்டிதர், வயதிலும் படிப்பிலும் பெரியவர், தம்மை வந்து வணங்கவில்லையே என்ற எண்ணத்தோடு அங்கே சென்றார். ஆணவத்தின் வடிவம் என்ன என்று அந்தப் பிள்ளையைக் கேட்டார். பிள்ளை பதில் ஒன்றும் சொல்லாமல் அவரையே மேலும் கீழும் பார்த்ததாம். பண்டிதருக்குப் புரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே சீடரானார். அவர்தான் அருணந்தி சிவாசாரியார். ஒரு சிறுவனிடம் உள்ள அறிவைப் பெரியவர் ஒருவர் அடையாளம் கண்டு தலை வணங்கிய கதை இது. இப்படிப்பட்ட கதை உள்ள ஊரில், பையன்களின் படிப்பை நாம் எப்படி மதிக்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நியாயந்தானே?

கடைக்காசில் எழுந்த பள்ளிகள்

பள்ளிக்கூடத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், அது அரசாங்கத்தின் வேலை என்று சொல்கிற அன்பர்கள் உண்டு. அவர்களுக்காகச் சில பழைய செய்திகள்.

பச்சையப்ப முதலியார் 18-ஆம் நூற்றாண்டில் துபாஷியாகவும் வணிகராகவும் இருந்து பொருள் சேர்த்தவர். 1794-ல் மறைந்தார். அவர் எழுதி வைத்த அறக்கட்டளைப் பணம் நெடுங்காலம் வழக்கில் கிடந்து, பிறகு 1842-ல் சென்னையில் பள்ளிக்கூடமாக மலர்ந்தது. அதே அறக்கட்டளையின் பள்ளி சிதம்பரத்திலும் நடக்கிறது. நம் மாவட்டப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதில் படித்தவர்கள். அண்ணாமலை செட்டியார் 1920-ல் சிதம்பரத்தில் தொடங்கிய கல்லூரிதான் 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இவையெல்லாம் பெருந்தனக்காரர்கள் செய்தவை. நம்மால் ஆகுமா என்று கேட்கலாம்.

அப்படியானால் விருதுநகரைப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவ்வூர் நாடார் உறவின்முறையினர் க்ஷத்திரிய வித்யாசாலை என்ற பள்ளியை நிறுவினார்கள். பணம் எங்கிருந்து வந்தது? வியாபாரத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று எடுத்து வைத்த மகமையிலிருந்து. அது மட்டுமல்ல. வீடுதோறும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். பள்ளிக்காக அதை வந்து வாங்கிப் போவார்கள். பிடியரிசி என்று அதற்குப் பெயர். பிள்ளைகளிடம் சம்பளம் வாங்காமல் பள்ளி நடந்தது. பெரிய தனவந்தர் ஒருவர் கொடுத்ததல்ல அது; சில்லறை சேர்ந்து பள்ளியானது.

அந்தப் பள்ளியில் படித்த ஒரு மாணவரை நாம் எல்லோரும் அறிவோம். தந்தை தேங்காய் வியாபாரி. மகன் சிறுவனாக இருந்தபோதே காலமாகிவிட்டார். குடும்பம் தள்ளாடியது. பையன் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மாமாவின் ஜவுளிக்கடையில் வேலைக்குப் போனான். அவர்தான் பெருந்தலைவர் காமராசர். 1954-ல் முதலமைச்சரானதும் ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். 1956-ல் மதிய உணவைத் தொடங்கினார். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் 1958-ல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடக்க, பிறகு மாவட்டந்தோறும் அப்படிப்பட்ட மாநாடுகள் நடந்தன. பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், கட்டடம் என்று ஊர்மக்கள் தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள். அந்த நன்கொடைப் பட்டியல்களில் கடைக்காரர்களின் பங்கு சிறியதல்ல.

கடைக்குப் போன பையன் முதலமைச்சர் ஆகவில்லையா என்று சிலர் வாதாடுவார்கள். ஆனார், உண்மை. ஆனால் ஆனதும் அவர் செய்த பெரிய காரியம், வேறு எந்தப் பையனும் படிப்பை விட்டுக் கடைக்குப் போகக்கூடாது என்று பள்ளிக்கூடம் திறந்ததுதான். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு எடுத்துக்காட்டு உண்டு. சுவாமி சகஜானந்தர் 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். பள்ளிக்கூட வாசலே மறுக்கப்பட்டிருந்த ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி. சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த சகஜானந்தர் 1959-ல் மறையும் வரை அந்தப் பள்ளியே அவருக்கு உயிர். சில பிள்ளைகளோடு ஆரம்பித்தது, இன்று அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளியாக நிற்கிறது. பள்ளி என்பது பாடம் சொல்லும் இடம் மட்டுமல்ல. யார் யாரோடு சேர்ந்து உட்காரலாம், சேர்ந்து சாப்பிடலாம் என்பதை ஓர் ஊர் கற்றுக்கொள்ளும் இடமும் அதுதான். நம் ஊர் ஆண்கள் மேல்நிலைப் பள்ளிக்கும் இது பொருந்தும். இறையூர், முருகன்குடி, தாழநல்லூர் போன்ற பக்கத்து ஊர்ப் பையனும் பெண்ணாடம் கடைத்தெருப் பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே மைதானத்தில் பந்து ஆடினால்தான் நாளைக்கு ஒரே சந்தையில் சண்டை சச்சரவில்லாமல் வியாபாரம் நடக்கும்.

கணக்கு என்ன சொல்கிறது?

நாம் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள். ஆகவே கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

2025 பிளஸ் டூ தேர்வில் தமிழ்நாடு முழுவதும் தேர்ச்சி 95.03 சதவீதம். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் மாணவியர் 96.70, மாணவர் 93.16. அதாவது தேர்வு எழுதிய நூறு பெண்களில் தவறியவர் மூன்று பேருக்குச் சற்று அதிகம். நூறு பையன்களில் தவறியவர் ஏறக்குறைய ஏழு பேர். இரண்டு மடங்குக்கு மேல். பத்தாம் வகுப்பிலும் அதே கதைதான். 2025-ல் மாணவியர் 95.88, மாணவர் 91.74. அதற்கு முந்தைய ஆண்டு, 2024-ல், மாணவியர் 94.53, மாணவர் 88.58. நூறு பையன்களில் பதினொருவருக்கு மேல் தவறியிருக்கிறார்கள்.

இவை தேர்வு எழுதியவர்களின் கணக்கு மட்டுமே. தேர்வுக்கே வராதவர்களும், ஒன்பதாம் வகுப்போடு நின்றவர்களும் இந்தச் சதவீதத்துக்குள் வரமாட்டார்கள். சரக்கு வந்து இறங்கிய பிறகு எடை குறைந்தால் கணக்கில் தெரியும். வழியிலேயே சிந்திய சரக்கு எந்தக் கணக்கில் வரும்?

பெண்கள் முன்னேறியது மகிழ்ச்சிக்குரியது. அவர்களுடைய வெற்றியைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை. நம்முடைய கேள்வி வேறு. ஒரே வீட்டில், ஒரே சோற்றைச் சாப்பிட்டு வளரும் அண்ணன் ஏன் பின்தங்குகிறான்? காரணம் பல சொல்லலாம். கூலி கிடைக்கும் வயதுக்கு வந்துவிட்டான் என்று வீட்டில் நினைப்பது ஒன்று. செல்பேசி, மோட்டார் சைக்கிள், கெட்ட பழக்கம் என்பது ஒன்று. கரும்பு வெட்டும் பருவத்திலும் அறுவடையிலும் ஆள் தேவைப்படுவது ஒன்று. இறையூர் சர்க்கரை ஆலையில் அரவை நின்றபோது கரும்புப் பணம் நின்றது. கடைத்தெருவில் கடன் நோட்டு தடித்தது. பல வீடுகளில் பையன்தான் முதலில் வேலைக்கு அனுப்பப்பட்டான். இந்தக் காரணங்களோடு இன்னொன்றையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். படிப்பை விட்ட பையனுக்கு மறுநாளே வேலை தருகிற இடம் நம் கடைத்தெரு.

நாம் செய்த ஒரு தவறு

பிறரைக் குறை சொல்வதற்கு முன் நம் கதையையே சொல்லிவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் தவறிய ஒரு பையன் நம் கடைக்கு வந்தான். வயது பதினாறு இருக்கும். அப்பாவே அழைத்து வந்து விட்டுப் போனார். கெட்டிக்காரன். நாலே மாதத்தில் தராசு, சிட்டை, பாக்கி நோட்டு எல்லாம் பழகிவிட்டான். காகிதம் இல்லாமலே முக்கால் கிலோவுக்கு விலை சொல்லுவான். கணக்கில் தவறியவன் இவனா என்று நாமே வியந்ததுண்டு.

அப்போது தவறியவர்களுக்கு அக்டோபர் வாக்கில் மறுதேர்வு நடக்கும். "முதலாளி, ஒரு பேப்பர்தான். மூணு நாள் லீவு குடுங்க. படிச்சிட்டு எழுதிட்டு வந்துடறேன்" என்று கேட்டான். தீபாவளி நேரம். கடையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். "அடுத்த தடவை எழுதிக்கலாம்டா, பரீட்சை எங்கேயும் ஓடிப்போகாது" என்று சொன்னோம். அவன் எதிர்த்துப் பேசவில்லை. போய்த் தராசடியில் நின்றுகொண்டான். தீபாவளிக்குப் புதுச் சட்டையும் நூறு ரூபாய் கூடுதலாகவும் கொடுத்தோம். பெரிய உதவி செய்ததாக நினைத்துக்கொண்டோம். அடுத்த தடவை அவன் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. பரீட்சை ஓடித்தான் போயிற்று.

இப்போது அவர் நாற்பதைத் தாண்டிய குடும்பஸ்தர். வேறொரு மண்டியில் சரக்கு நிறுக்கிறார். சென்ற ஆண்டு ஜூன் மாதம் மகனுக்கு நோட்டும் ஜியோமிதிப் பெட்டியும் வாங்க நம் கடைக்கு வந்தார். பையனைப் பார்த்துவிட்டு, வழக்கமான பேச்சாக, "சனி ஞாயிறு இவனை நம்ம கடைக்கு அனுப்பேன், தொழில் பழகட்டும்" என்று சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்: "வேணாம் முதலாளி. இவன் பத்தாவது எழுதட்டும். பொறவு பாக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் மனதில் பழையது இருந்ததோ இல்லையோ, நமக்கு நினைவு வந்துவிட்டது. அன்று மூன்று நாள் வியாபாரத்தில் ஓர் ஆள் குறைந்திருந்தால் நமக்கு எவ்வளவு நஷ்டம் வந்திருக்கும்? இன்று எந்த நோட்டைப் புரட்டினாலும் அந்தத் தொகை அகப்படாது. அவருக்கு ஏற்பட்ட நஷ்டம் மட்டும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

பரிசு யாருக்கு?

வணிகர் சங்கங்கள் பள்ளி ஆண்டு விழாவில் பரிசு கொடுப்பது நல்ல வழக்கம். முதல் மூன்று மதிப்பெண் பெற்றவர்களுக்குக் கேடயம், கைக்கடிகாரம், ரொக்கம் கொடுத்து, சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொள்கிறோம். இதை நிறுத்தச் சொல்லவில்லை. நன்றாகப் படித்தவனை ஊர் நடுவில் நிறுத்திப் பாராட்டினால், அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேருக்கு ஆசை வரும்.

ஆனால் 2017-லேயே தமிழக அரசு, பொதுத்தேர்வில் மாநில அளவில் முதல், இரண்டாம் இடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டுவிட்டது. பிள்ளைகளுக்கு மன உளைச்சல் தரும் போட்டியைக் குறைப்பதே நோக்கம். அரசே மாறிய பிறகும் நம் பரிசு மேடை மட்டும் அந்த மூன்று பேரோடு நின்றுவிடலாமா? முதல் மூன்று பேர் எப்படியும் படித்துவிடுவார்கள். நம் கையால் ஒரு பரிசு வாங்கியதால் வாழ்க்கை மாறப்போவது நாற்பதாவது இடத்தில் இருக்கும் பையனுக்குத்தான்.

ஆகவே சங்க அன்பர்களின் ஆலோசனைக்குச் சில பரிசுகளை முன்வைக்கிறோம்.

ஒன்று, வருகைப் பரிசு. ஆண்டு முழுவதும் ஒரு நாளும் விடுப்பு எடுக்காத மாணவர்களுக்கு. கடைக்கு நாள் தவறாமல் வருகிற ஆளின் அருமை நமக்குத் தெரியாததா?

இரண்டு, முன்னேற்றப் பரிசு. காலாண்டுத் தேர்வில் தவறி, முழு ஆண்டில் தேறியவர்களுக்கு. எவ்வளவு வாங்கினான் என்று பார்க்காமல் எவ்வளவு ஏறினான் என்று பார்த்துக் கொடுப்பது.

மூன்று, மறுமுயற்சிப் பரிசு. பொதுத்தேர்வில் தவறியும் மனம் தளராமல் துணைத்தேர்வு எழுதித் தேறியவர்களுக்கு. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்பது நம் கருத்து. இப்போது துணைத்தேர்வு அக்டோபர் வரை காத்திருப்பதில்லை; முடிவு வந்த சில வாரங்களிலேயே நடந்துவிடுகிறது. தேறியவன் அதே ஆண்டு மேலே படிக்கப் போகலாம். இந்தச் செய்தி பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். சொல்லுவதற்கு கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம்மைவிட வசதியான ஆள் யார்? நாளைக்கு இருநூறு பேர் நம்மிடம் பேசிவிட்டுப் போகிறார்கள்.

நான்கு, தோழமைப் பரிசு. சாரணர் இயக்கம், நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு, நூலகம் இவற்றில் பிறருக்கு உதவிய மாணவருக்கு. யார் என்று தேர்ந்தெடுக்க ஆசிரியர்களுக்கும் வகுப்பு மாணவர்களுக்குமே விட்டுவிடலாம். சிபாரிசு கூடாது, சங்க உறுப்பினர் மகன் என்ற சலுகையும் கூடாது.

பரிசுப் பொருளும் யோசித்துக் கொடுக்க வேண்டும். கேடயம் தூசி படிந்து போகும். அகராதி, கணக்குக் கருவிப் பெட்டி, சைக்கிள் டயர் டியூப், மழைக்கோட்டு, நல்ல பை, அடுத்த வகுப்புக்கான நோட்டுகள் இவையெல்லாம் அவரவர் கடையிலேயே கிடைப்பவை. மொத்த விலைக்கு எடுத்தால் செலவு பாதி. பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வருகிற பையனுக்குக் கேடயத்தைவிட டயர்தான் பெரிய பாராட்டு.

கல்லாவில் இருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

படிக்க வைக்க வசதியில்லை என்று சொல்லும் பெற்றோர் நம்மிடந்தான் கடன் கேட்டு வருகிறார்கள். கடன் கொடுப்பதோடு வழியும் சொல்லலாம்.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு உண்டு. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000. ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பதினொன்றாம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. தேறிய 1,500 பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் ரூ.1,500. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவர்களுக்கு மாதம் ரூ.1,000 தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. கல்லூரிப் பட்டப் படிப்புக்கு மட்டுமல்ல, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. சேர்ந்தாலும் உண்டு. நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும்முன் பள்ளி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுதல் நலம். இவற்றை ஓர் அட்டையில் எழுதி விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தால் ஒரு செலவும் இல்லை.

மேல்நிலைக் கல்வி 1978-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய காலம் முதல் வணிகவியல், கணக்குப் பதிவியல் பாடங்கள் பள்ளியில் நடக்கின்றன. பையன்கள் புத்தகத்தில் குறிப்பேடும் பேரேடும் எழுதுகிறார்கள். உண்மையான பேரேட்டைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் நம்மில் பலரே திணறினோம். ஆசிரியர் அனுமதியோடு ஒரு வகுப்பை அழைத்து, கொள்முதல் பில், விற்பனை பில், இருப்பு எடுத்தல், எடைக்கல் முத்திரை இவற்றை ஒரு மணி நேரம் காட்டினால் அவர்களுக்குப் பாடம் புரியும். நமக்கும் நாளைக்குக் கணக்கு எழுதத் தெரிந்த ஆள் கிடைக்கும்.

பள்ளி நிர்வாகத்திலும் பங்கு கொள்ள வழி இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுக்களில், 2024 மறுகட்டமைப்பின்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. நம்மில் அந்தப் பள்ளியின் பழைய மாணவர்கள் எத்தனை பேர் இருக்கிறோம்! 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்தின் வழியாக நன்கொடையும் அளிக்கலாம்.

கடைத்தெருவில் நாம் காக்க வேண்டிய ஒழுங்கு

பரிசு கொடுக்கிற கையே பையனைக் கெடுத்துவிடக் கூடாது. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் பீடி, சிகரெட், புகையிலை விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். 18 வயது நிறையாதவருக்கு எங்குமே விற்கக் கூடாது. அப்பாவுக்கு வாங்குகிறேன் என்று பையன் சொன்னாலும் கொடுக்கக் கூடாது. ஒருவர் கொடுக்காமல் அடுத்தவர் கொடுத்தால் பயனில்லை. கடைத்தெரு முழுவதும் ஒரே சொல்லாக நிற்க வேண்டும்.

வேலைக்கு வைக்கும் விஷயத்திலும் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2016 திருத்தத்துக்குப் பின் 14 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்கு விலக்கு உண்டு. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது. மீறினால் ரூ.20,000 முதல் ரூ.50,000 வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. அபராதத்துக்குப் பயந்து சொல்வதாக நினைக்க வேண்டாம். அதற்கு மேலும் நாம் ஒரு விதி வைத்துக்கொள்ளலாம் என்கிறோம்: பதினெட்டு நிறையாத பையன் வேலை கேட்டு வந்தால், "எந்த வகுப்பில் நின்றாய், ஏன் நின்றாய்?" என்று முதலில் கேட்பது. தேர்வில் தவறியவனானால் துணைத்தேர்வுக்குப் பணம் கட்டச் சொல்வது. ஏற்கனவே வேலையில் இருப்பவன் தேர்வு எழுதக் கேட்டால், எந்தப் பண்டிகையானாலும், சம்பளத்தோடு விடுப்புக் கொடுப்பது.

ஆள் பற்றாக்குறை உள்ள காலத்தில் இது ஆகிற காரியமா என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வோம். பத்தாம் வகுப்புத் தேறாத ஆள் நம் கடையில் கடைசிவரை மூட்டைதான் தூக்குவான். தேறிய ஆள் கணினியில் பில் போடுவான், கணக்குப் பார்ப்பான், ஒருநாள் அவனே கடை வைத்து நம்மிடம் மொத்தச் சரக்கு எடுப்பான். வாடிக்கையாளரை உருவாக்காத வியாபாரம் எத்தனை நாள் நடக்கும்? ஊரில் சம்பாதிக்கும் ஆண்பிள்ளைகள் இல்லையென்றால் கடைத்தெருவில் பாக்கி நோட்டு மட்டும்தான் மிஞ்சும். ஆலை நின்ற ஆண்டுகளில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம்.

முடிவாக

விருதுநகர் வீடுகளில் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். நாம் பிடியரிசிகூட எடுக்க வேண்டாம். அடுத்த வணிகர் தினத்தன்று கொடி ஏற்றும்போது, அந்த வாரத்தில் வரப்போகும் தேர்வு முடிவையும் நினைத்து, மறுமுயற்சிப் பரிசுக்கென்று கடைக்கு ஒரு சிறு தொகை ஒதுக்குவோம். பரிசு வாங்க வரும் பையன்களில் யாராவது முன்பு நம் கடையில் மூட்டை தூக்கியவனாக இருந்தால், கலிக்கம்பர் ஊர் வியாபாரிகள் என்பதை நினைத்து, எழுந்து நின்று கொடுப்போம்.

நம் பழைய பையனின் மகன் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் இருக்கிறான். தேர்வு நாட்களில் அப்பாவும் உடன் போக நினைப்பார். அவர் வேலை பார்க்கும் மண்டி உரிமையாளர் நமக்கு நண்பர்தான். விடுப்புக் கேட்டால் கொடுக்கும்படி இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம்.